ஒரு நீளம், இரண்டு குட்டை

10.09.2025, புதன்கிழமை, முற்பகல் 11.20 மணிக்கு, நடுவர் அவர்களின் அறையில், காவல்துறையினர் யாரும் உடன் இல்லாத நிலையில், சாட்சி சொல்லச் சொல்லப் பதிவு செய்யப்பட்டது.

பெயர்: ஜ. நவுஷாத்
தந்தை பெயர்: ஜமால் முகமது (காலஞ்சென்றவர்)
வயது: 36
தொழில்: ஜெராக்ஸ், தட்டச்சு, மனு எழுதித் தரும் கடை
முகவரி: பள்ளிவாசல் தெரு, கள்ளக்குறிச்சி நகரம்

இந்த வாக்குமூலத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எனக்கு இல்லை என்றும், கொடுத்தால் அது எனக்கே பாதகமாக முடியலாம் என்றும் நடுவர் அவர்கள் சொன்னார்கள். புரிந்தது என்றேன். யாராவது மிரட்டியோ ஆசை காட்டியோ அனுப்பினார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். கல்வராயன்மலை நெல்லிமேடு கிராமத்தைச் சேர்ந்த சடையன், வயது 51, என்பவர் கடந்த 17.08.2025 அன்று மோட்டார் சைக்கிள் மோதி இறந்துபோனார். அவர் குடிபோதையில் தள்ளாடிச் சாலைக்கு வந்தார் என்று வழக்கில் பதிவாகி இருக்கிறது. அது உண்மை இல்லை. அவர் எதற்காகச் சாலைக்கு வந்தார் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்காக நானாகவே வந்திருக்கிறேன்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான வருடத்திலிருந்து கலெக்டர் அலுவலகத்துக்குப் போகும் சாலையில் கடை நடத்தி வருகிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்பதால் அன்று மட்டும் காலை ஆறரைக்கே கடையைத் திறந்துவிடுவேன். பட்டா, முதியோர் பணம், வேலித் தகராறு, சுடுகாட்டுப் பாதை என்று வருவார்கள். பத்து நிமிடம் அழுதுவிட்டு ஒரு வரி சொல்வார்கள். அந்த ஒரு வரிதான் மனு. அதைப் பிடித்து, அதிகாரி படிக்கிற மாதிரி பெறுநர், பொருள், அய்யா என்று வரிசைப்படுத்திக் கொடுப்பேன். இப்போது தட்டச்சர் அடிக்கிற இந்த மாதிரியான வாக்கியங்களை என் விரலும் ஆயிரக்கணக்கில் அடித்திருக்கிறது. அதனால் எங்கே எதை விட்டுவிடலாம் என்பதும் எனக்குத் தெரியும். இன்று எதையும் விடப்போவதில்லை.

அது தவிர, இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் சேனலிலும் ‘கண்டது கண்டபடி’ என்ற பெயரில் ஒரு பக்கம் நடத்தி வந்தேன். கொரோனா ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது பொழுது போகாமல் ஆரம்பித்தது. இணையத்தில் அங்கே இங்கே கிடக்கும் வினோதங்களைப் பொறுக்கிவந்து, கூட ஒரு வரி கிண்டல் சேர்த்துப் போடுவேன். வெளிநாட்டில் ஏதோ ஊரில் வாத்துகள் தெருவைக் கடக்கத் தனி சிக்னல் வைத்ததைப் போட்டிருக்கிறேன். ஷேர் ஆட்டோவில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து போகும் ஆட்டைப் போட்டிருக்கிறேன். காதுகுத்து பேனரில் தாய்மாமன் படத்துக்குப் பக்கத்தில் கிடாய் படத்தையும் போட்டு ‘இன்றைய விருந்தின் நாயகன்’ என்று எழுதியிருந்ததை உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒருவர் அனுப்பினார், அது ஒரே நாளில் எங்கெங்கோ போனது. நாளாக நாளாக ஆட்களே எனக்கு அனுப்பத் தொடங்கினார்கள். காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்பே என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பேன். யாரையும் புண்படுத்தாமல் சிரிக்க வைக்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அதையும் பதிவு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடந்த 04.08.2025 திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மேல், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கடைக்கு வந்தார். அவர்தான் இறந்துபோன சடையனின் மனைவி காசியம்மாள். அன்றுதான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்ததாகச் சொன்னார். என்ன மனு என்று கேட்டதற்கு, “எங்க வளைவுல பஸ்சு ஆரன் அடிக்கணும் பாய். அத்த எழுதிக் குடு” என்றார். அடிக்கக் கூடாது என்றுதானே சொல்கிறீர்கள் என்று திரும்பக் கேட்டேன். இல்லை, அடிக்க வேண்டும் என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல், மரியாதைக்குக் கூடச் சிரித்தார்.

அதன் பிறகு அவர் சொன்ன விவரம் வருமாறு. அவருடைய கணவர் சடையன் முன்பு கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டு கருணாபுரத்தில் தங்கியிருந்தவர். சென்ற வருடம் ஜூன் மாதம் அங்கே சாராயம் குடித்து அத்தனை பேர் செத்தபோது இவரும் குடித்திருந்தார். உயிர் தப்பியது, கண் போய்விட்டது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். பிறகு மலைக்கே கொண்டுபோய்விட்டார்கள். காசியம்மாள் தினமும் காலை பஸ்ஸில் கச்சிராயபாளையம் பக்கம் களை எடுக்க, மரவள்ளி பிடுங்க என்று கூலி வேலைக்கு இறங்கி, மாலை பஸ்ஸில் திரும்புவார். வீடு சாலையிலிருந்து மேட்டில் இருக்கிறது. மண்ணில் வெட்டிய படிகள், பக்கத்தில் மரத்துக்கு மரம் கட்டிய கயிறு. அரிசி மூட்டையோ மாட்டுத் தீவனமோ கொண்டுவந்தால் அதை மேலே தூக்கிக்கொண்டு போவது சடையன்தான். கண் போன பிறகு அவருக்கென்று மிஞ்சியிருந்தது அந்த ஒரு வேலை.

மாலை பஸ்ஸின் பழைய ஓட்டுநர் இதைப் பார்த்துவிட்டு, வளைவுக்கு முன்னால் இருக்கும் சின்னப் பாலத்திலேயே ஹாரன் அடிக்கத் தொடங்கியிருக்கிறார். பாலத்திலிருந்து பஸ் வளைவு ஏறிவர ஆகும் நேரமும் சடையன் கயிற்றைப் பிடித்து இறங்கிவர ஆகும் நேரமும் சரியாக இருந்திருக்கிறது. மலையில் அந்தப் பக்கம் டவர் கிடையாது, போன் பேச வழியில்லை. அந்த ஓட்டுநர் வேறு தடத்துக்கு மாறிப் போனதும், புதிதாக வந்தவர் காட்டுப் பகுதியில் ஹாரன் அடிக்கக் கூடாது என்று அடிப்பதை நிறுத்திவிட்டார். அதிலிருந்து சடையன் மூன்று மணிக்கே இறங்கிவந்து சாலை ஓரத்தில் நின்றுவிடுகிறார். ஒருநாள் பஸ் பழுதாகி வரவில்லை, மழையில் இருட்டும்வரை நின்றிருக்கிறார். வண்டி எதுவும் இடித்துவிடுமோ என்று தனக்கு வேலையே ஓடுவதில்லை என்று காசியம்மாள் சொன்னார். கணவருக்கு இப்போதும் குடிப் பழக்கம் உண்டா என்று நான் கேட்டேன். அது மனுவுக்குத் தேவையில்லாத கேள்வி, வாய்த்துடுக்காகக் கேட்டது. அதற்கு அவர், “அத்தோட வுட்டுட்டாரு. இப்ப தண்ணி குடுத்தா கூட மோந்து பாத்துட்டுதான் குடிக்கிறாரு” என்றார்.

அதன் பிறகு ஹாரன் எப்படி அடிக்க வேண்டும் என்று கேட்டேன். மற்ற வண்டிகளின் சத்தத்திலிருந்து பிரித்துத் தெரிவதற்காக, ஒன்று நீளமாகவும் இரண்டு குட்டையாகவும் அடிப்பார் என்று சொன்னார். அப்படியே மனுவில் சேர்த்தேன். மேல் பாதியில் பொருள், வளைவின் பெயர், ஹாரன் அடிக்க வேண்டிய முறை. கீழ்ப் பாதியில் கணவருக்குக் கண் தெரியாது என்பதும் மற்ற காரணங்களும். அச்சில் எடுத்து வாசித்துக் காட்டியதும் கைநாட்டு வைத்தார். அவர் பையில் துணி தேடி விரலில் இருந்த மையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நான் மனுவின் மேல் பாதியை மட்டும் என் செல்போனில் படம் எடுத்தேன். பெயர் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து மறைத்தேன். அதை ஒரு நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன். வளைவின் பெயரை மறைக்கவில்லை. கீழ்ப் பாதியைப் படம் எடுக்காததற்குக் காரணம், அது இருந்தால் சிரிப்பு வராது. இது எனக்கு அப்போதே தெரியும்.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் படத்தை என் பக்கத்தில் போட்டேன். ‘ஊரே ஹாரன் வேண்டாம் என்று காதைப் பொத்துகிறது. ஒரு அம்மாவுக்கு மட்டும் ஹாரன் வேண்டுமாம். அதுவும் ஒரு நீளம், இரண்டு குட்டை, கூட ஒரு சட்னி’ என்று எழுதினேன். மூன்று நாளில் நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். மலைக்குப் போனால் அடித்துவிட்டு வருவோம் என்று ஒருவர், எங்கள் தெருவில் இருக்கும் ஹாரனை எல்லாம் அந்த அம்மாவுக்கே பார்சல் அனுப்புகிறோம் என்று ஒருவர். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டேன். காரணம் என்னவாக இருக்கும் என்று ஒரே ஒரு பெண் கேட்டிருந்தார். அவருக்கு மட்டும் பதில் போடவில்லை.

அந்தப் படம் அதிகாரிகள் கண்ணிலும் பட்டிருக்கிறது. மனு விசாரணைக்குப் போய், 13ஆம் தேதியிலிருந்து மாலை பஸ் பாலத்தில் ஹாரன் அடிக்க வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. யாரோ எனக்கு அந்தச் செய்தியை அனுப்பினார்கள். அதையும் ‘நம் பக்கத்தின் சக்தி’ என்று போட்டுக்கொண்டேன். ஆக, சடையனுக்கு 13, 14, 15, 16 என்று நான்கு நாள் மட்டும் அந்த ஹாரன் திரும்பக் கிடைத்தது. அந்த நான்கு நாளும் அவர் சாலை ஓரத்தில் நிற்கவில்லை, வீட்டிலேயே இருந்து சத்தம் கேட்டதும் இறங்கி வந்தார் என்று பின்னால் காசியம்மாள் என்னிடம் சொன்னார்.

17.08.2025 ஞாயிற்றுக்கிழமை மாலை மஃரிப் தொழுகைக்குச் சற்று முன்பு, ஆறு இருபதுக்கு, இளமாறன் என்பவரின் எண்ணிலிருந்து எனக்கு இரண்டு வீடியோ வந்தது. இளமாறன் நகரத்தில் வசிப்பவர், இருபத்திரண்டு வயது, வேலை தேடும் விண்ணப்பங்களை என் கடையில்தான் அச்செடுப்பார். என் பக்கத்துக்கு அடிக்கடி படங்கள் அனுப்புவார். வீடியோவுடன் ‘அண்ணா, ஹாரன் அடிச்சா நிஜமாவே ஆள் வருது’ என்று எழுதி, சிரிக்கும் முகம் நாலைந்து போட்டிருந்தார். அவர் அதை நாலு மணிக்கு முன்பே அனுப்பியிருக்கிறார். மலையில் டவர் இல்லாததால் போனிலேயே நின்று, அவர்கள் கீழே இறங்கியதும் தானாக வந்து சேர்ந்திருக்கிறது. இதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

முதல் வீடியோவில் ஒரு மோட்டார் சைக்கிளில் பொருத்திய பெரிய ஹாரனை ஒருவர் ஒரு நீளம் இரண்டு குட்டையாக அடிக்கிறார். கொஞ்ச நேரத்தில் மேட்டிலிருந்து ஒரு ஆள் கயிற்றைப் பிடித்து இறங்கி வருகிறார். வேட்டி, தோளில் துண்டு. கடைசிப் படியில் காலால் தடவிப் பார்த்துச் சாலையில் கால் வைக்கிறார். சற்று நின்று காது கொடுத்துவிட்டுத் திரும்பி ஏறிப் போகிறார். இரண்டாவது வீடியோவில் அதே போல ஹாரன், அதே போல அவர் வருகிறார். இந்த முறை வாய் திறந்து ஏதோ பேசுகிறார். படம் எடுப்பவர்களின் சிரிப்புச் சத்தம் பெரிதாக இருந்ததால் என்ன பேசுகிறார் என்று நான் கவனிக்கவில்லை. அவர்தான் காசியம்மாளின் கணவர் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தே இரண்டாவது வீடியோவை ஆறரை மணிக்கு என் பக்கத்தில் போட்டேன். ‘டெலிவரி கன்ஃபர்ம்’ என்று எழுதினேன். நான் அதை எழுதிய நேரத்தில் அவர் இறந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

தொழுதுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்ப்பதற்காக வீடியோவைத் திரும்ப ஓட விட்டேன். என் மனைவி பௌசியா அடுப்பு மேடையில் திரும்பி நின்று தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் படத்தைப் பார்க்கவில்லை, சத்தத்தை மட்டும் கேட்டார். “யாருங்க அந்த ஆளு? யார்கிட்ட பேசறாரு?” என்று கேட்டார். அதன் பிறகுதான் காதில் வைத்துக் கேட்டேன். “காசி, வந்துட்டியா? இன்னிக்கி இன்னா இவ்ளோ சீக்கிரம்? மூட்டைய இங்க குடு” என்று சொல்லிக்கொண்டு அவர் காலிச் சாலையைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டுகிறார். தட்டைத் தள்ளி வைத்தேன். இருந்தும் உடனே அதை நீக்கவில்லை. நீக்கினால் ஏன் என்று கேட்பார்களே என்று யோசித்தேன்.

இரவு எட்டு மணிக்கு நகரத்துச் செய்திகள் வரும் வாட்ஸ்அப் குழுவில், மலையில் குடிபோதையில் சாலைக்கு வந்தவர் பைக் மோதி பலி என்று வந்தது. நெல்லிமேடு வளைவு என்று போட்டிருந்தது. எட்டு ஐந்துக்கு வீடியோவை நீக்கினேன். அவருக்காக நீக்கவில்லை, எனக்காகத்தான் நீக்கினேன்.

மறுநாள் காலை இளமாறனுக்குப் போன் செய்தேன். மூன்றாவது முறையும் ஹாரன் அடித்தார்கள், அவர் மறுபடியும் இறங்கி வந்தார், அந்தச் சமயம் அவருடைய நண்பர் ஒருவர் மேலே போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வேகமாக இறங்கி வந்தார், வளைவில் பார்க்க முடியவில்லை என்று அழுதுகொண்டே சொன்னார். மூன்றாவது முறையைப் படம் எடுக்கவில்லை என்றும், முந்தைய இரண்டையும் தன் போனிலிருந்து அழித்துவிட்டதாகவும் சொன்னார். அதன் பிறகு, “ஆளு தண்ணிதான்னு எல்லாரும் ஒன்னாவே சொல்லிட்டோம்ணா. போலீசும் அத்தயே எழுதிக்கிச்சி. நீங்க எதையும் கெளறாதீங்க” என்றார். நான் சரி என்றேன். கருணாபுரம் சாராயத்தில் கண் போன ஆள் என்றதும் யாருக்கும் மேலே கேட்கத் தோன்றவில்லை. படியைக் காலால் தடவித் தடவி வந்தது தள்ளாட்டம் ஆகிவிட்டது. ரசாயனப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை என்கிறார்கள். ஊர் முடிவு அன்றைக்கே வந்துவிட்டது.

அந்தச் சரியோடு பதினான்கு நாள் கடையைத் திறந்து மூடினேன். பக்கத்தில் எதுவும் போடவில்லை. உடம்பு சரியில்லையா என்று ஆட்கள் விசாரித்தார்கள். ஆமாம் என்றேன்.

01.09.2025 திங்கட்கிழமை காலை காசியம்மாள் மறுபடியும் கடைக்கு வந்தார். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் துக்கம் விசாரிக்கவில்லை. அவராகவே தன் கணவர் தவறிவிட்டதைச் சொல்லி, “நீ எழுதுன மனுவுக்கு நல்ல பலன் இருந்திச்சி பாய். கேட்டாங்க. இப்ப ஆரன் வேணாம்னு ஒன்னு எழுதிக் குடு” என்றார். அந்த பஸ் இப்போதும் தினமும் மாலை பாலத்தில் ஒரு நீளம் இரண்டு குட்டை அடிக்கிறது. ஓட்டுநரிடம் சொன்னால், மேலிடத்து உத்தரவு, எழுத்தில் வந்ததை எழுத்தில்தான் நிறுத்த முடியும் என்கிறாராம். “நான் அந்த பஸ்சுலதானே ஒக்காந்துகினு வர்றேன்” என்றார். மனுவைத் தட்டச்சு செய்தேன். பொருள், ஒலிப்பான் அடிப்பதை நிறுத்தக் கோருதல். காரணம் என்ன என்று போட வேண்டிய இடத்தில் என் கை நின்றுவிட்டது.

அப்போது அவரே இன்னொன்றும் சொன்னார். வழக்கில் குடிபோதை என்று எழுதியிருப்பதை அவருடைய மகள் கலையரசி திருப்பூரிலிருந்து வந்து படித்துச் சொல்லியிருக்கிறார். கருமாதிக்கு வந்த சொந்தக்காரர்கள், பட்டும் புத்தி வரவில்லையே என்று பேசியிருக்கிறார்கள். அவர் உயிரோடு இருந்தபோது தன்மீது தப்பு என்று ஒத்துக்கொண்டு, அந்த ஒரு குடிக்காகத் தினமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இருந்த மனுஷன், செத்த பிறகு மறுபடியும் குடிகாரன் ஆகிவிட்டார் என்று சொல்லிவிட்டுக் காசியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அழவில்லை.

அதன் பிறகு வரிசையில் இருந்தவர்களைச் சற்று நேரம் கழித்து வரச் சொல்லிவிட்டு, கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினேன். “அக்கா, உங்க மனுவ போட்டோ புடிச்சி ஊருக்கெல்லாம் காட்டுனது நாந்தான். அத்தப் பாத்துட்டுதான் அந்தப் பசங்க மலைக்கு வந்தாங்க” என்றேன். அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. எதற்குக் காட்டினாய் என்று கேட்டார். சிரிப்பதற்கு என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எங்கே, காட்டு என்றார். இளமாறன் அனுப்பிய வீடியோ இரண்டும் என் போனில் இருந்தன. காட்டினேன்.

முதல் வீடியோவைப் பார்த்தார். இரண்டாவதில் கணவரின் குரல் வந்ததும் போனை என் கையிலிருந்து வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டார். ஐந்தாறு தடவை கேட்டார். பிறகு, “குடிச்ச ஆளு பேசற பேச்சா இது? நீயே சொல்லு பாய். எம்பேர எவ்ளோ தெளிவா கூப்புடறாரு. இத்தக் கொண்டுபோயி அவங்கள்ட்ட குடு. அவரு ஆரன் கேட்டுதான் வந்தாருன்னு சொல்லு” என்றார். சொன்னால் என்மீதும் வரும் என்று சொன்னேன். “வரட்டும்” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் 02.09.2025 அன்று விசாரணை அதிகாரியிடம் சென்று என் செல்போனை அப்படியே ஒப்படைத்தேன். இரண்டு வீடியோவும், இளமாறன் அனுப்பிய நேரமும், நான் பக்கத்தில் போட்ட நேரமும் அதில் உள்ளன. சட்டப்படி என்மீது என்ன குற்றம் என்று பார்க்க வேண்டும், ஒருவேளை எதுவும் இல்லாமலும் போகலாம் என்று அவர் சொன்னார். அது எனக்குக் கேட்க நன்றாக இல்லை. நான் ஹாரன் அடிக்கவில்லை, வண்டி ஓட்டவில்லை. ஆனால் அந்த ஹாரனை எப்படி அடித்தால் அவர் வருவார் என்பதை நாலு லட்சம் பேருக்குச் சொல்லிக் கொடுத்தது நான். அவருக்குக் கண் தெரியாது என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருந்தால் அடித்திருப்பார்களா என்று தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நடுவர் அவர்கள் கேட்டதற்குச் சொல்வதாவது: சடையன் அன்று குடிக்கவில்லை. மனைவி வந்துவிட்டார், மூட்டையை வாங்க வேண்டும் என்று மூன்று முறையும் இறங்கி வந்தார். முதல் இரண்டு முறை ஏமாந்த பிறகும் மூன்றாவது முறை வந்ததற்குக் காரணம், வராமல் இருந்துவிட்டால் அந்த அம்மா தனியாகச் சுமக்க வேண்டுமே என்பதாகத்தான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். இது என் அனுமானம், மற்றவை நான் நேரில் பார்த்ததும், சம்பந்தப்பட்டவர்களே என்னிடம் சொன்னதும்.

இன்னொன்றும் உண்டு, வழக்குக்குத் தேவையா என்று தெரியவில்லை. அன்று கடையிலிருந்து கிளம்பும்போது காசியம்மாள், அவர் குரல் தங்களிடம் வேறு எதிலும் இல்லை என்றும், அந்தப் பையன்களின் சிரிப்பை எடுத்துவிட்டு அவர் பேசுவதை மட்டும் மகள் போனில் ஏற்றித் தரும்படியும் கேட்டார். போனை ஒப்படைப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு முயன்று பார்த்தேன். கல்யாண வீடியோ எடுக்கும் நண்பரிடமும் கொடுத்துப் பார்த்தேன். சிரிப்பைக் குறைத்தால் அவர் குரலும் கூடவே குறைகிறது. ‘காசி’ என்று அவர் கூப்பிடுகிற இடத்திலேயே ஒருவன் சிரிக்கிறான், அந்தச் சிரிப்பை எடுத்தால் அந்தப் பெயரும் போய்விடுகிறது. நேற்று முன்தினம் திங்கட்கிழமை அவர் கடைக்கு வந்து ஆயிற்றா என்று கேட்டார். இன்னும் ஆகவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அது பொய்.

மேலே உள்ளதை நடுவர் அவர்கள் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் கூட்டவோ குறைக்கவோ எனக்கு எதுவும் இல்லை. அத்தனையும் உண்மை என்று ஒப்புக்கொண்டு, என் சுய நினைவோடு கையெழுத்து இடுகிறேன்.

(ஒப்பம்) ஜ. நவுஷாத்
10.09.2025, பிற்பகல் 1.05 மணி

என் முன்பாகக் கொடுக்கப்பட்டு, வாசித்துக் காட்டப்பட்டு, சரியென ஏற்கப்பட்டது.
(ஒப்பம்) நடுவர்